கருங்கல் வீட்டுக்கு வைஃபை: மூன்று வருடம் ஓட்டிப் பார்த்த பிறகு

கிருஷ்ணகிரி மாவட்டத்தில் காவேரிப்பட்டணம் பக்கம் எங்கள் வீடு. முன்கட்டு தாத்தா காலத்துக் கருங்கல் கட்டடம், சைஸ் கல் அடுக்கி எழுப்பிய ஒன்றரை அடிச் சுவர். அதை ஒட்டி அப்பா கட்டிய ஹாலும் சமையல்கட்டும், மேலே மாடியில் ரெண்டு ரூம். பின்னால் மாட்டுக்கொட்டகை, அதைத் தாண்டி மோட்டார் ரூம், அப்புறம் மாந்தோப்பு. மூன்று குடும்பம் ஒன்றாக இருக்கிறோம். நான் மாடியில் உட்கார்ந்து பெங்களூரு கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். தம்பி மனைவி முன்கட்டு ரூமில் ஆன்லைனில் கணக்கு டியூஷன் எடுக்கிறாள். சித்தப்பாவுக்குத் தோப்பில் கேமரா ஓட வேண்டும். ஆயாவுக்குத் திண்ணையில் உட்கார்ந்தபடியே துபாயில் இருக்கும் பேரனோடு வீடியோவில் பேச வேண்டும்.

இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஃபைபர் லைன், 200 எம்பிபிஎஸ். லைனில் குறையே இல்லை. ஹாலில் வைஃபை பெட்டி பக்கத்தில் நின்று ஸ்பீடு பார்த்தால் முழுசாக வரும். அதே போனை எடுத்துக்கொண்டு கல்சுவருக்கு அந்தப் பக்கம் போனால் ஒற்றை இலக்கத்துக்கு விழுந்துவிடும். பெரிய வீட்டுக்காரர்கள் பலர் இந்த இடத்தில்தான் லைனைக் குறை சொல்லி, பிளானை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். 200ஐ 500 ஆக்கினாலும் சுவர் அதே சுவர்தான்.

போனில் தெரியும் சிக்னல் கோடுகளை நம்ப வேண்டாம். வைஃபை அனலைசர் மாதிரி ஒரு ஆப் போட்டால் சிக்னலை டிபிஎம் கணக்கில் எண்ணாகவே காட்டும். எண் மைனஸில் இருக்கும், பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சிக்னல் நல்லது. மைனஸ் 67 அல்லது அதைவிடப் பூஜ்யத்துக்குப் பக்கமாக இருந்தால் வீடியோ கால் தடங்கலில்லாமல் போகும். மைனஸ் 80 பக்கம் போனால் இணைப்பு பேருக்குத்தான். எங்கள் ஹாலில் மைனஸ் 45. கல்சுவர் தாண்டி தம்பி மனைவி உட்காரும் மேசையில் மைனஸ் 79. இரும்பு பீரோவை அந்தச் சுவரிலிருந்து நகர்த்தி வைத்தபோது நாலைந்து புள்ளி ஏறியது, அவ்வளவுதான். வேகம் அதிகம் கொடுக்கும் 5 ஜிகாஹெர்ட்ஸ் அலை சுவரில் சீக்கிரம் சோர்ந்துவிடும். 2.4 கொஞ்சம் தாங்கும், ஆனால் வேகம் குறைவு, அக்கம்பக்கத்து ரவுட்டர்களின் நெரிசலும் அதில்தான் அதிகம்.

ஆரம்பத்தில் இணைப்புக் கொடுத்தவர்கள் ஒரு ரிப்பீட்டரைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். அது வந்தபின் கோடு நிறையக் காட்டியது, வகுப்பு மட்டும் நின்று நின்றுதான் போனது. ரிப்பீட்டர் ஒரே ரேடியோவில் ஒரு பக்கம் கேட்டு, மறுபக்கம் அதையே திருப்பிச் சொல்கிறது. பாதி நேரம் அதிலேயே போய்விடும். தவிர, தனக்கே சரியாகக் கேட்காத சிக்னலைத்தான் அது பெருக்கித் தருகிறது.

மெஷ் செட்டைப் பற்றியும், அதாவது வீட்டில் பல இடத்தில் வைத்து ஒரே வைஃபையாக ஓடும் பெட்டிகளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், நிறையப் பேர் அதைத்தான் கேட்கிறார்கள். ஓசூரில் மாமா வீட்டில் மூன்று பெட்டி மெஷ் வைத்திருக்கிறார்கள். செங்கல் சுவர், திறந்த ஹால், அங்கே அருமையாக ஓடுகிறது. அதையே ஒரு வாரம் வாங்கிவந்து இங்கே வைத்துப் பார்த்தோம். கல்சுவருக்கு இரண்டு பக்கமும் வைத்த பெட்டிகள் ஒன்றை ஒன்று பிடிக்கவே திணறின. பெட்டிக்குப் பெட்டி வயர்லெஸ்ஸில் பேச வேண்டிய அமைப்பில் அந்தப் பேச்சே தட்டுப்பட்டால் மற்றது எதுவும் நடக்காது. மெஷ் மட்டமான சாமான் என்று இதற்கு அர்த்தமில்லை. எங்கள் வீட்டுச் சுவருக்கு அது ஒத்துவராது, அவ்வளவுதான். அதே மெஷ் பெட்டிகளைக் கேபிளால் இணைத்தால் இங்கேயும் நன்றாக ஓடும். கேபிள் இழுக்கத்தான் போகிறோம் என்றான பிறகு நாங்கள் ஆக்சஸ் பாயின்ட் பக்கம், அதாவது கேபிளில் வரும் இன்டர்நெட்டை வைஃபையாக்கித் தரும் பெட்டிகள் பக்கம் போய்விட்டோம்.

பெரிய வீட்டு வைஃபை என்பது முக்கால்வாசி கேபிள் வேலை. ஒவ்வொரு பகுதிக்கும் வயரில் இன்டர்நெட்டைக் கொண்டுபோய், கடைசிப் பதினைந்து இருபது அடியை மட்டும் வைஃபையிடம் விட வேண்டும். வாய்க்கால் வெட்டி வயலுக்குத் தண்ணீர் கொண்டுபோன பிறகுதானே மடை திறக்கிறோம், அதே மாதிரி. கேட் 6 என்ற நெட்வொர்க் கேபிள் ஒரே இழுவையில் 100 மீட்டர் வரை போகலாம். வீட்டுக்குள் எந்த மூலைக்கும் இது தாராளம். ஹாலில் ஸ்விட்ச் (ஒரு லைனைப் பல கேபிளுக்குப் பிரித்துத் தரும் நெட்வொர்க் பெட்டி) வைத்து, அங்கிருந்து ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனி இழுவை.

கேபிள் வாங்கும்போது ஒன்றைப் பார்த்தே ஆக வேண்டும். செம்பு பூசிய அலுமினியக் கேபிளும் கேட் 6 என்று அச்சடித்து விற்பனைக்கு வருகிறது. விலை குறைவு. உள்ளே ஒரு கம்பியைக் கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். சுத்தச் செம்பு எவ்வளவு சுரண்டினாலும் சிவப்புதான். நாம் அந்தக் கேபிளிலேயே ஆக்சஸ் பாயின்ட்டுக்குக் கரண்டும் அனுப்பப் போகிறோம்; அலுமினியம் அதில் சூடாகும், வளைவில் ஒடியும். கடையிலேயே ஒரு துண்டு வாங்கிச் சுரண்டிப் பார்த்துவிட்டுத்தான் 305 மீட்டர் பெட்டியை எடுத்தோம்.

கல்சுவரில் டிரில் போடவில்லை. எலக்ட்ரீஷியன் அண்ணன் சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்து, கதவுக்கு மேல் ரெண்டு கல்லுக்கு நடுவே சுண்ணாம்புக் காரை இருந்த இடத்தைக் கண்டுபிடித்தார். அங்கே மட்டும் நீளமான பிட்டால் மெதுவாகத் துளைத்து கேபிளை விட்டார். கல்லில் ஒரு கீறல் இல்லை. இன்றைக்கும் அந்த வேலையைப் பார்த்தால் அவர் மேல் மரியாதை வருகிறது.

கேபிள் முனையில் ஜாக் அடிக்கும்போது அவருக்கும் எனக்கும் சின்ன வாக்குவாதம். கேமரா வேலையில் பழகியவர், "நாலு கம்பி போதும் தம்பி, நெட்டு வந்துரும்" என்றார். வரும், ஆனால் 100 எம்பிபிஎஸ்ஸோடு நின்றுவிடும். அதற்கு மேல் போக எட்டுக் கம்பியும் வேண்டும். "எட்டும் போட்டுடுங்கண்ணா" என்றேன். ஆரஞ்சு வெள்ளை, ஆரஞ்சு, பச்சை வெள்ளை, நீலம், நீல வெள்ளை, பச்சை, பிரவுன் வெள்ளை, பிரவுன் என்று வரிசை சொல்லிக்கொண்டே போக, அவர் கம்பிகளை விரலால் நீவி நேராக்கி, ஒரே மட்டமாக வெட்டி, ஜாக்கில் நுழைத்து அழுத்தினார். ஒரு முனையில் நீலக் கம்பி கொஞ்சம் குட்டையாகி உள்ளே தொடவில்லை. இன்டர்நெட் வந்தது, ஆனால் எங்கள் ஸ்விட்சில் ஜிகாபிட்டுக்கு (1000 எம்பிபிஎஸ்) எரிய வேண்டிய பச்சைக்குப் பதில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது. அந்த ஜாக்கை வெட்டிவிட்டு மறுபடி அடித்தார், பச்சை வந்தது. இப்போது ஊரில் வேறு வீடுகளிலும் அவர் எட்டுக் கம்பிதான் போடுகிறார்.

ஆக்சஸ் பாயின்ட் டிபி-லிங்க்கின் ஓமாடா இஏபி610, வைஃபை 6 வகை. முன்கட்டில் ஒன்று, ஹாலில் ஒன்று, மாடியில் ஒன்று. மூன்றும் சீலிங்கில் இருக்கின்றன. பக்கத்தில் பிளக் பாயின்ட் தேவையில்லை, கேபிள் வழியாகவே கரண்ட் போகிறது. இந்த மாடலுக்கு 30 வாட் வரை தரும் 802.3ஏடி வகை ஸ்விட்ச் வேண்டும். எத்தனை போர்ட் என்பதோடு எல்லாப் போர்ட்டுக்கும் சேர்த்து மொத்தம் எத்தனை வாட் தரும் என்பதையும் பார்த்து வாங்குங்கள்.

செட்டிங்கில் மூன்று விஷயம்தான் பலன் தந்தது. மூன்றுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. 2.4ல் ஒன்றோடொன்று மோதாமல் இருக்க மூன்றுக்கும் 1, 6, 11 என்று தனித்தனிச் சேனல். மூன்றாவது, பலரும் தலைகீழாகச் செய்வது: 2.4ன் பவரைக் குறைத்தோம். எல்லாம் முழுச் சத்தத்தில் கத்தினால் போன் மாடிக்குப் போன பிறகும் ஹால் பெட்டியையே பிடித்துத் தொங்கும். குறைத்ததும் படியேறும்போதே மாறிக்கொள்கிறது, பேசிக்கொண்டிருக்கும் கால் அறுவதில்லை. இணைப்புக் கொடுத்தவர்களின் பெட்டியில் இருந்த வைஃபையை அணைத்தாயிற்று. டிவிக்குக் கேபிள் நேராகவே போகிறது. பழைய பிரின்டர் ஒன்று புதிய டபிள்யூபிஏ3 பூட்டுக்கு ஒத்துவரவில்லை, அதற்காக மட்டும் டபிள்யூபிஏ2வில் தனிப் பெயர் ஒன்று இருக்கிறது.

வைஃபை என்று சொல்லிக்கொண்டு கரண்டைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. மாதப் பராமரிப்புக்காகக் காலையிலிருந்து கரண்ட் நிறுத்தும் நாளில்தான் எனக்கு முக்கியமான மீட்டிங் வந்து விழும். இன்வெர்ட்டர் இருக்கிறது, ஆனால் அது மாறும் அந்த ஒரு நொடிக்கும் குறைவான நேரத்தில் பெட்டிகள் அணைந்து, எல்லாம் திரும்பி எழுந்து வர இரண்டு மூன்று நிமிடம் ஆகும். அதனால் இன்வெர்ட்டர் லைனில் ஒரு சாதாரண கம்ப்யூட்டர் யுபிஎஸ் வைத்து, ஃபைபர் பெட்டி, ரவுட்டர், ஸ்விட்ச் மூன்றையும் அதில் மாட்டினோம். சீலிங்கில் இருப்பவைக்கும் ஸ்விட்சிலிருந்தே கரண்ட் போவதால் மொத்த வீடும் அந்த ஒரு யுபிஎஸ்ஸில் நிற்கிறது. கரண்ட் போனது ஃபேன் சத்தத்தில்தான் தெரியும். இன்வெர்ட்டர் சைன் வேவாக இருப்பது நல்லது. பழைய ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டரில் சில யுபிஎஸ்கள் கரண்ட் வந்ததாகவே எடுத்துக்கொள்ளாமல் தன் பேட்டரியிலேயே ஓடிக் காலியாகிவிடும்.

மோட்டார் ரூமுக்கு மட்டும் செம்புக் கேபிள் வேண்டாம் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். தூரம் 100 மீட்டரைத் தொடுகிறது, அது ஒரு காரணம். பெரிய காரணம் இடி. சித்திரை, வைகாசிக் கோடை மழையில் இங்கே இடி பலமாக இருக்கும். வெட்டவெளியில் போகும் செம்பு அந்த அதிர்ச்சியை நேராக வீட்டு ஸ்விட்சுக்குள் கொண்டுவந்துவிடும். ஃபைபரில் கண்ணாடி இழைதான், கரண்ட் அதில் பாயாது. இரண்டு முனையிலும் ஃபைபரைச் சாதாரண நெட்வொர்க் கேபிளோடு இணைக்கும் மீடியா கன்வெர்ட்டர் வைத்தோம். மேலே இழுக்கும் ஃபைபரோடு தாங்குவதற்கு ஒரு ஸ்டீல் கம்பி ஒட்டியிருக்கும், அதைச் சுவருக்கு வெளியிலேயே வெட்டிவிட வேண்டும். இல்லையென்றால் ஃபைபர் போட்டும் பயனில்லை. மாங்காய் அறுப்பு நேரத்தில் சித்தப்பா இப்போது திண்ணையில் இருந்தே தோப்பைப் பார்க்கிறார். ராத்திரிக் காவலுக்குப் போகும் ஆளுக்கு அங்கேயிருந்து வீட்டுக்குப் பேசவும் வழியாயிற்று.

மூன்று வருடத்தில் கெட்டது என்று பார்த்தால், யுபிஎஸ் பேட்டரி ஒருமுறை மாற்றினோம். கொட்டகை ஓட்டுக்குக் கீழே போகும் கேபிளை எலி கடித்தது. அந்த இழுவையைப் பைப்புக்குள் விட்ட பிறகு தொந்தரவு இல்லை. மீடியா கன்வெர்ட்டர் அடாப்டர் ஒன்று போனது. ஆக்சஸ் பாயின்ட் மூன்றும் அப்படியே இருக்கின்றன, தூசி துடைப்பதோடு சரி. தம்பி மனைவியின் மேசையில் இப்போது மைனஸ் 50.

எல்லாம் சேர்த்துக் கூலியோடு ஐம்பதாயிரத்தை ஒட்டி வந்தது. அவ்வளவு ஒரே நேரத்தில் முடியாது என்றால் கேபிளை நல்லதாக முதலில் இழுத்துவிட்டு, கையில் இருக்கும் பழைய ரவுட்டர்களையே ஆக்சஸ் பாயின்ட் மோடில் போட்டு மாட்டலாம். பெட்டியை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம்.

மாடியில் இன்னொரு ரூம் எழும்பிக்கொண்டிருக்கிறது. சென்ட்ரிங் அடிக்கும்போதே கரண்ட் பைப்போடு சேராமல் தனியாக ஒரு இன்ச் பைப் சீலிங் நடுவுக்குப் போக வேண்டும், திரும்பும் இடத்தில் எல்போ வேண்டாம், பெண்ட்தான் போட வேண்டும், உள்ளே ஒரு இழுகம்பி விட்டு வைக்க வேண்டும் என்று மேஸ்திரியிடம் சொல்லியிருக்கிறோம். கான்கிரீட் போடும் அன்றைக்கு நான் லீவு.