சாண்டர்ஸா, வாரனா? வாக்குகளை இழுத்தது யார்?

2020 அமெரிக்க அதிபர் தேர்தலுக்கு ஜனநாயகக் கட்சி ஆள் தேடியபோது முற்போக்கு அணியில் முன்னால் நின்றவர்கள் இருவர்: வெர்மான்ட் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ், மாசசூசெட்ஸ் செனட்டர் எலிசபெத் வாரன். எல்லோருக்கும் அரசு மருத்துவக் காப்பீடு, பெரும் பணக்காரர்களுக்குச் சொத்து வரி, படிப்புக் கடன் தள்ளுபடி என்று மேலோட்டமாக இருவர் பேச்சும் ஒன்றுதான். நியூஜெர்சியில் இருக்கும் என் அக்கா மகன் வாரன் பக்கம், தருமபுரியில் இருக்கும் நான் சாண்டர்ஸ் பக்கம். இருவருக்குமே அங்கே ஓட்டு இல்லை, அதனால் சண்டைக்குக் குறைவும் இல்லை.

கடன் தள்ளுபடியில்தான் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். சுமார் 1.6 லட்சம் கோடி டாலர் படிப்புக் கடன் மொத்தமும் ரத்து என்றார் சாண்டர்ஸ். வாரன் திட்டத்தில் குடும்ப வருமானம் ஆண்டுக்கு 1 லட்சம் டாலருக்குள் இருந்தால் 50,000 டாலர் வரை தள்ளுபடி, வருமானம் ஏற ஏற அது குறையும், 2.5 லட்சத்தைத் தாண்டினால் ஒன்றும் கிடையாது. "பணக்கார வீட்டுப் பிள்ளைக்கு எதுக்கு மாமா தள்ளுபடி?" என்பான் அக்கா மகன். நியாயமான கேள்விதான். ஆனால் 2021-ல் நம் கூட்டுறவுச் சங்கங்களின் 5 பவுன் நகைக்கடன் தள்ளுபடியை நினைத்துப் பாருங்கள். தேர்தலுக்கு முன் ஒற்றை வரியாக இருந்தவரை பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்து பென்னாகரம் வரை யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. அப்புறம் ரேஷன் கார்டு, ஆதார், குடும்பத்துக்கு மொத்தம் எத்தனை பவுன் என்று நிபந்தனைகள் வந்தன. பலருக்குப் பட்டியலில் பெயர் இல்லை. வாரன் அந்த நிபந்தனைகளை முன்கூட்டியே சொல்லிவிட்டார். நேர்மைதான்; ஆனால் கேட்பவர் முதலில் தேடுவது தனக்குக் கிடைக்குமா என்பதைத்தான்.

மருத்துவக் காப்பீட்டிலும் கணக்கு வாரனுக்கே வினையானது. நடுத்தர வர்க்கத்துக்கு வரி ஏறாமல் செய்வதாக 2019 நவம்பரில் 10 ஆண்டுகளுக்கு 20.5 லட்சம் கோடி டாலர் திட்டம் போட்டார். சில நாட்களிலேயே, முழு மாற்றத்துக்கான மசோதா பதவியேற்ற மூன்றாம் ஆண்டுக்குள்தான் வரும் என்றார். தீவிர ஆதரவாளர்களுக்குக் கோபம், தயங்கியவர்களுக்கோ தயக்கம் தீரவில்லை. சாண்டர்ஸ், வரி ஏறும், ஆனால் காப்பீட்டுப் பிரீமியம் ஒழியும் என்று நேராகச் சொன்னார். அதையே பல வருடமாகச் சொல்லி வந்தவர் என்பதுதான் அவருடைய பலம்.

ஆளோடு ஆளாகப் பழகுவதில் வாரன் ஒரு படி மேல். நியூயார்க் கூட்டம் ஒன்றில் ஏறத்தாழ 4 மணி நேரம் நின்று செல்பி எடுத்துக்கொண்டார். சாண்டர்ஸ் முகத்தில் சிரிப்பே அபூர்வம். ஆனாலும் 2016-ல் இதே போட்டியில் இறங்கியபோதே, சாதாரண மக்கள் தந்த சராசரி 27 டாலர் நன்கொடையை மேடைக்கு மேடை சொல்லிச் சொல்லிப் பெருமையாக்கினவர்.

சரி, இருவரில் சாண்டர்ஸ்தான் என்பேன். கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க மாநிலம் மாநிலமாக உட்கட்சி வாக்கெடுப்பு நடந்தபோது, நெவாடாவில் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்களும் இளைஞர்களும் அவர் பக்கம் திரண்டார்கள். ஆனால் பிப்ரவரி 29 தென் கரோலினாவில் கதை மாறியது. அங்கே கறுப்பின வாக்காளர்களில், குறிப்பாக வயதானவர்களுக்கு, டிரம்ப்பைத் தோற்கடிப்பதே முதல் கவலை. அதே போட்டியில் இருந்த, ஒபாமாவுடன் 8 ஆண்டு துணை அதிபராக இருந்த ஜோ பைடன் அவர்களுக்குப் பழகிய ஆள். உள்ளூர் மூத்த தலைவர் ஜிம் கிளைபர்னும் பைடனையே கை காட்டினார்; அங்கே பைடன் ஜெயித்தார். தன்னைச் சோசலிஸ்ட் என்று சொல்லிக்கொள்ளும் சாண்டர்ஸை நம்பி இறங்க அவர்கள் தயாராக இல்லை. மார்ச் 3-ல் வாரன் சொந்த மாநிலத்திலேயே மூன்றாமிடம். ஏப்ரலில் சாண்டர்ஸும் விலகினார்.

அக்கா மகன் இன்னமும் ஒத்துக்கொள்ளவில்லை. அவன் கணக்குப்படி, வாரன் அந்த நவம்பர் திட்டத்தை மட்டும் வெளியிடாமல் இருந்திருக்க வேண்டும்.