ஏழு நிறங்களில் நாட்டிங் ஹில்: ‘சார்லஸ் பூத்தின் லண்டன்’ இணையதளம் பற்றி

ஒரு குடியிருப்புப் பகுதியின் வரலாற்றைத் தேடினால் பெரும்பாலும் கிடைப்பது தேவாலயம் கட்டிய ஆண்டும், அங்கே குடியிருந்த பிரபலங்களின் பட்டியலும்தான். எந்தத் தெருவில் யார் எப்படிப் பிழைத்தார்கள் என்பதைக் காட்டுகிற சேவை ஒன்று இருக்கிறது. லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் நூலகம் நடத்தும் ‘சார்லஸ் பூத்தின் லண்டன்’ என்ற இணையதளம். கட்டணம் கிடையாது. நில அளவை வேலையில் காலம் கழித்தவன் என்பதால் பழைய வரைபடத் தளங்கள் பலவற்றைப் புரட்டியிருக்கிறேன். ஒரு பேட்டையின் குணத்தைப் பிடித்துக் காட்டுவதில் இதற்கு ஈடாக வேறொன்றை நான் பார்க்கவில்லை.

பூத் லிவர்பூலில் பிறந்த கப்பல் தொழில் முதலாளி. 1886 முதல் 1903 வரை, லண்டன் மக்களின் வாழ்க்கையையும் உழைப்பையும் ஆள் வைத்து விசாரித்தார். நகரத்தில் 30.7 சதவீதம் பேர் வறுமையில் இருக்கிறார்கள் என்றது அவர் கணக்கு. தளத்தில் இருப்பது அவருடைய 1898-99 வரைபடம். மைலுக்கு 6 அங்குலம் என்ற ஸ்கேலில் அச்சான வரைபடத்தின் மேல் தெருத் தெருவாக ஏழு நிறங்கள் பூசியிருக்கிறார்கள். மஞ்சள் என்றால் பெரும் பணக்காரர்கள், சிவப்பு வசதியான நடுத்தர வர்க்கம், இளஞ்சிவப்பு ஓரளவு நிம்மதியான சம்பாத்தியம், ஊதா வசதியும் ஏழ்மையும் கலந்தது. வெளிர்நீலம் வாரம் 18 முதல் 21 ஷில்லிங்கில் காலம் தள்ளும் குடும்பங்கள். கருநீலம் தீராத வறுமை. கடைசியில் கறுப்பு.

நாங்கள் வரைந்த வரைபடங்களில் வீட்டுக்கு எல்லை இருக்கும், பரப்பளவு இருக்கும். உள்ளே இருப்பவர் சாப்பிட்டாரா என்பது இருக்காது. அதனால்தான் முதல் முறை இதைத் திறந்தபோது வேறெந்த வேலையும் ஓடவில்லை.

தளத்தைச் சோதித்துப் பார்க்க மேற்கு லண்டனின் நாட்டிங் ஹில்லை எடுத்துக்கொள்ளச் சொல்வேன். தெருப் பெயரை அடித்தால் அந்த இடம் வந்து நிற்கும். குன்றின் உச்சியில் செயின்ட் ஜான்ஸ் தேவாலயம், அதைச் சுற்றி வில் போல வளைந்த தெருக்கள், மஞ்சளும் சிவப்புமாக. அந்த வளைவுகளுக்குக் காரணம் ஒரு குதிரைப் பந்தயத் திடல். 1837-இல் ஹிப்போட்ரோம் என்ற பெயரில் அங்கே பந்தயம் நடந்தது. பார்வையாளர்கள் நின்று பார்த்த மேடுதான் இந்தக் குன்று. மண் கனத்த களி, மழை பெய்தால் குதிரை ஓட முடியாது. சில ஆண்டுகளிலேயே திடலை மூடிவிட்டு அந்த இடத்தில் மாளிகைகளைக் கட்டினார்கள்.

அதே களிமண் மேற்குச் சரிவில் வேறொரு பிழைப்பைக் கொடுத்தது. செங்கல்லும் ஓடும் சுட்டார்கள். மண் வெட்டிய பள்ளங்களில் நீர் தேங்கியது. நகரத்துக்குள்ளிருந்து விரட்டப்பட்ட பன்றி வளர்ப்பவர்கள் வந்து குடியேறினார்கள். கழிவு கலந்து நாறிய ஒரு பெரிய குட்டைக்கு ‘கடல்’ என்றே பெயர். இந்தத் தாழ்வான பக்கம்தான் நாட்டிங் டேல். பூத்தின் வரைபடத்தில் இங்கே கருநீலமும் கறுப்பும் அப்பிக் கிடக்கின்றன. மேலே மஞ்சள் தெருவிலிருந்து சில நிமிட நடைதான்! மேலே இருந்த வீடுகளின் துணிகளைத் துவைத்து இஸ்திரி போட்டுக் கொடுத்தவர்களில் இங்கிருந்த பெண்கள் நிறையப் பேர். ஒரே மண், ஒரே மழை, அடுத்தடுத்த தெரு. இதைப் பத்துப் பக்கக் கட்டுரை சொல்வதைவிட அந்த நிறங்கள் சீக்கிரம் சொல்லிவிடுகின்றன.

பழைய வரைபடத்தை மெல்ல மங்கச் செய்து அடியில் இன்றைய வரைபடத்தைக் காட்டும் வசதி இருக்கிறது. அதை நகர்த்தும்போது பேங்கர் ஸ்ட்ரீட் என்ற பெயர்பெற்ற ஏழைத் தெரு காணாமல் போகிறது. இடித்துவிட்டு அடுக்குமாடிகள் கட்டிவிட்டார்கள். கொஞ்சம் வடக்கே, 1970-இல் திறந்த வெஸ்ட்வே மேம்பாலச் சாலை தெருக்களைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போவது தெரிகிறது. மிஞ்சியவையும் உண்டு. அந்தக் குட்டை இருந்த பக்கத்தில் 1892-இல் திறந்த அவோன்டேல் பூங்கா இருக்கிறது. வால்மர் ரோட்டில் ஒரு பழைய சூளை இன்றும் நிற்கிறது.

ஆனால் நிறங்களோடு நிறுத்திக்கொண்டால் பாதிப் பலன்தான். வரைபடத்தின் மேல் ஆங்காங்கே இருக்கும் குறிகளைத் தட்டினால் களக் குறிப்பேடுகளின் ஸ்கேன் பக்கங்கள் திறக்கும். ஜார்ஜ் டக்வொர்த் போன்ற பூத்தின் உதவியாளர்கள் அந்தந்த வட்டாரப் போலீஸ்காரருடன் நடந்துபோய் எழுதியவை. உடைந்த ஜன்னல், திறந்தே கிடக்கும் கதவு, குழந்தைகளின் காலில் இருக்கும் பூட்ஸ், எல்லாம் அவர்கள் கண்ணில் படுகிறது. கையெழுத்து படிக்கச் சிரமம். பொறுமை வேண்டும். ஒரு பக்கம் பிடிபட்டதும் அடுத்த பக்கங்கள் சுலபமாகின்றன. செல்போனில் முயற்சி செய்ய வேண்டாம், பெரிய திரை அவசியம்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கறுப்புத் தெருவுக்கு பூத் கொடுத்த விளக்கம், கடைநிலை மக்கள், ஒழுக்கக் கேடானவர்கள், பாதிக் குற்றவாளிகள் என்பது. இது வருமானக் கணக்கு அல்ல, தீர்ப்பு. பக்கத்தில் நடந்தவர் போலீஸ்காரர் என்பதை மறக்காமல் படியுங்கள். வாசலில் நின்ற பெண் இவர்கள் இருவரையும் பற்றி என்ன நினைத்தாள் என்று எந்தக் குறிப்பேட்டிலும் நான் பார்க்கவில்லை. அந்தக் குறை எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.

அப்புறம், கதை 1899-ஓடு நின்றுவிடும். 1950-களில் கரீபியன் தீவுகளிலிருந்து வந்தவர்கள் இதே பகுதியின் நெரிசலான வாடகை அறைகளில் குடியேறியது, 1958-இல் அவர்கள் மேல் நடந்த தாக்குதல்கள், 1966-இல் இங்கே தொடங்கிய தெருத் திருவிழா பின்னால் பெரிய கார்னிவலாக வளர்ந்தது, இவற்றையெல்லாம் வேறு இடத்தில் தேட வேண்டும். 2017 ஜூன் 14-இல் 72 உயிர்களைப் பறித்த கிரென்ஃபெல் டவர் தீ விபத்தும் இந்தத் தாழ்வான பக்கத்தில்தான் நடந்தது. அந்தச் செய்தியைப் படித்த கண்ணோடு இந்த வரைபடத்தைத் திறந்தால், பணக்காரத் தெருவும் ஏழைத் தெருவும் இவ்வளவு நெருக்கமாக, இவ்வளவு நாளாக இருப்பது நெஞ்சை அடைக்கிறது.

லண்டனில் வீடு தேடுபவர்கள், அங்கே படிக்கப் போகும் பிள்ளைகள், நகர வரலாற்றில் ஆர்வம் உள்ளவர்கள் எல்லோருக்கும் தயங்காமல் சொல்வேன். முதலில் உங்களுக்குத் தெரிந்த ஒரே ஒரு தெருவை எடுங்கள். அதன் நிறத்தைப் பார்த்துவிட்டு, குறிப்பேட்டுப் பக்கத்தையும் படித்த பிறகே பக்கத்துத் தெருவுக்குப் போங்கள். அதற்குப் பிந்தைய மாற்றங்களுக்கு ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் வரைபடத் தளத்தை இன்னொரு ஜன்னலில் திறந்து வைத்துக்கொள்ளலாம், அதுவும் இலவசம்தான்.