முகம் தெளிவு, குரல் துண்டு துண்டு: முத்தையன்கட்டிலிருந்து ஒரு குழு அழைப்பு அனுபவம்

எங்களைப் போலவே இலங்கையின் வன்னிப் பகுதியில், மல்லாவி என்ற ஊரில் இருக்கும் நண்பர் ஒருவர், எங்கள் வீட்டைப் போலத் தாங்களும் ஞாயிறு மாலைகளில் குடும்பக் குழு அழைப்புத் தொடங்கப் போவதாகச் சொல்லி, நாங்கள் பயன்படுத்தும் செயலிக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தார். வட்ஸ்அப் அழைப்பில் 32 பேர் வரை சேரலாம், ஸூமின் இலவசக் கணக்கில் 40 நிமிடத்துடன் கூட்டம் முடிந்துவிடும் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்ததுதான். எங்கள் செயலி எதுவென்றும் அவருக்குத் தெரியும். பெயரை இங்கே எழுதவில்லை. ஏனென்றால் நான் சொல்லப்போகும் குறை அந்த ஒன்றுக்கு மட்டும் உரியதல்ல.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டுக்குத் தகரக் கூரை. மாரி மழை அடித்துப் பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவதே கேட்காது. அப்படி ஒரு மழையில் அப்பம்மா பேசியபோது, "அங்கே மழையா? சத்தமே இல்லையே" என்று பாரிஸில் இருக்கும் மாமி கேட்டார். இரைச்சலை வடிகட்டும் வசதி அந்த அளவுக்கு வேலை செய்கிறது. கோயில் மணியையும் சேர்த்து விழுங்கிவிடுகிறது என்பது உண்மைதான், ஆனாலும் அதை நான் பொருட்படுத்தவில்லை. கரண்ட் போய் றவுட்டர் அணைந்தாலும், கைபேசியின் டேட்டாவுக்கு மாறியதும் அழைப்பு தானாகவே மீண்டும் சேர்ந்துகொள்கிறது. பழைய கைபேசியிலும் திணறாது. நன்றாகச் செய்யப்பட்ட செயலி.

இனி என் கோபம். இணைப்பு நலிந்தால் இந்தச் செயலி குரலைப் பலி கொடுத்துப் படத்தைக் காப்பாற்றப் பார்க்கிறது.

போன மாரியில், வேலியோரம் நின்ற முருங்கை காற்றில் முறிந்து விழுந்ததை அப்பம்மா சொல்லிக்கொண்டிருந்தார். ரொறன்ரோவுக்குப் போய்ச் சேர்ந்தது "முறிந்து", பிறகு ஓர் இடைவெளி, பிறகு "விழுந்து". அப்பம்மாவின் முகம் மட்டும் அங்கே நெற்றித் திருநீறு தெரியும் அளவுக்குத் தெளிவாக இருந்ததாம். சித்தப்பா பதறிப்போய், "அம்மா, எங்கே அடி? காலா, இடுப்பா?" என்று கேட்கிறார். அவர் கேட்டது எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது, நாங்கள் சொன்ன பதில்தான் அங்கே போகவில்லை. கடைசியில் வெளிநாட்டு ரீலோட் போட்டுச் சாதாரண அழைப்பில் பேசித்தான் அந்த மனுஷனைத் தேற்ற முடிந்தது. மாதக்கணக்கில் ஒரு கடிதத்துக்காகக் காத்திருந்த மண் இது. இங்கே அரைகுறையாகக் கேட்கும் செய்தி என்ன செய்யும் என்பதைச் செயலி எழுதுகிறவர்கள் யோசித்திருக்க வேண்டும்.

இவ்வளவுக்கும் காரணம் ஏறுவேகம், அதாவது நம் பக்கத்திலிருந்து தரவு வெளியே போகும் வேகம். கைபேசியில் தெரியும் சிக்னல் கோடுகள், கோபுரம் சொல்வது நமக்கு எவ்வளவு கேட்கிறது என்பதை மட்டுமே காட்டும். கோபுரம் பல வாட் வலுவில் பேசுகிறது, நம் கைபேசியோ அதிகபட்சம் 0.2 வாட் அளவில்தான் பதில் சொல்கிறது. கோபுரம் தொலைவில் இருந்தால், இடையில் பாலையும் முதிரையுமாகக் காடு நின்றால், வருவது வரும், போவது போகாது. போதாததற்கு எங்கள் நேரம் வேறு. கோடையில் இங்கே இரவு 7.30 என்றால் ரொறன்ரோவில் காலை 10, லண்டனில் பிற்பகல் 3, பாரிஸில் 4. நான்கு ஊருக்கும் ஒத்துவருவது அந்த நேரம்தான். ஊர் முழுவதும் கைபேசியோடு உட்கார்ந்து கோபுரம் நெரிபடுவதும் அதே நேரத்தில்தான்.

ஆட்களைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று பலர் சொல்கிறார்கள். எங்கள் சிக்கலுக்கு அது மருந்தல்ல. இத்தகைய செயலிகளில் நம் படம் வழங்கிக்கு, அதாவது செயலி நிறுவனத்தின் கணினிக்கு, ஒரு தடவைதான் ஏறுகிறது, அங்கிருந்துதான் மற்றவர்களுக்குப் பிரிந்து போகிறது. ஆட்கள் கூடினால் இறங்கும் பக்கம்தான் பாரம். ஏறும் பக்கத்தை அடைப்பது நம்முடைய சொந்தக் கமராதான். மணல் ஏற்றிய டிப்பர்களுக்குப் பின்னால் மாட்டிய சைக்கிளைப் போல, படத்தைச் சுமந்து போகும் பெரிய தரவுப் பொதிகளுக்குப் பின்னால் குரலின் சின்னப் பொதிகள் காத்துக் கிடக்கின்றன. பிந்தி வந்த குரலைச் செயலி வீசிவிடுகிறது.

இது தீர்க்க முடியாத சிக்கல் என்றால் நான் வாய் திறக்கமாட்டேன். 2012இல் தரநிலையான ஓபஸ் என்ற ஒலிக் குறியாக்கம், அதாவது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை, நொடிக்கு 6 கிலோபிட் அளவிலிருந்தே பேச்சைக் கடத்தும். ஓரளவு நல்ல படத்துக்கு அதைப்போல நூறு மடங்கு வேண்டும். அதாவது படத்தைத் தூக்க முடியாத இணைப்பும் குரலைச் சுகமாகத் தூக்கும். இணைப்பு தளர்ந்த உடனேயே படத்தை நிறுத்தி, குரலுக்கு வழி விட்டால் போதும். செயலியும் படத்தைக் குறைக்கத்தான் செய்கிறது, ஆனால் நாலைந்து வாக்கியம் தொலைந்த பிறகு. "உங்கள் இணைப்பு நிலையாக இல்லை" என்ற அறிவிப்பு மட்டும் உடனே வந்துவிடுகிறது. எங்கள் இணைப்பு நிலையாக இல்லை என்பது எங்களுக்குத் தெரியாதா?

இப்போது நாங்கள் கமராவை அழைப்பின் தொடக்கத்தில் கொஞ்ச நேரம் மட்டும் திறக்கிறோம். பிள்ளைகள் தாயின் முகத்தைப் பார்த்துவிடுகிறார்கள். பிறகு மூடிவிட்டுப் பேசுகிறோம், ஒரு சொல்லும் பிசகுவதில்லை. ஆனால் மூடும் ஒவ்வொரு தடவையும் சித்தப்பா, "இன்னும் கொஞ்சம் இருக்கட்டுமே" என்கிறார். அதற்காகத்தானே அவர் அழைப்பில் வந்து உட்கார்கிறார். கமராவை மூடுகிற என் கைதான் குற்றவாளி ஆகிறது.

ஆகவே மல்லாவி நண்பருக்கு: செயலி நல்லது, பணம் கட்டாதீர்கள். பணம் கட்டினால் நேர எல்லை கூடும், குரல் கூடாது. அந்தக் காசுக்குக் கூரைக்கு மேலே கோபுரத்தைப் பார்த்தபடி ஒரு வெளி அன்ரெனா பூட்டுங்கள். அதைப் பொருத்தக்கூடிய றவுட்டரா என்று வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அழைப்பு நேரத்தில் வீட்டில் வேறு எந்தக் கைபேசியும் படங்களை இணையச் சேமிப்புக்கு ஏற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.