அண்ணனுக்கு எடுத்த மண்ணீரல் ஸ்கேன்

போன மாதம் என் அண்ணனுக்கு எடுத்த நியூக்ளியர் மெடிசின் ஸ்கேனைப் (கதிரியக்க மருந்தை உடம்புக்குள் ஏற்றிப் படம் பிடிப்பது) பற்றி எழுதியே ஆக வேண்டும். ஆஸ்பத்திரி பெயர்கள் போடவில்லை, முதலில் போன இடத்தின் மேல் வருத்தம் இருக்கிறது.

வயிற்று வலி என்று போனோம். சிடி எடுத்ததில் இடது பக்கம் சின்னச் சின்னதாக ஐந்து கட்டிகள். லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோயாக இருக்கலாம், பரவிய புற்றுநோயாகவும் இருக்கலாம் என்று ரிப்போர்ட்டில் போட்டு, கட்டியிலிருந்து சதை எடுத்துச் சோதிக்கும் பயாப்ஸிக்கு நாளும் குறித்துவிட்டார்கள். அண்ணி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. இருபது வருடத்துக்கு முன் பைக் விபத்தில் அண்ணனுக்கு மண்ணீரல் கிழிந்து, அதை எடுத்துவிட்டார்கள். வயிற்றில் சாண் நீளத்துக்குத் தழும்பு இருந்தும் அங்கே யாரும் அதைக் கேட்கவில்லை, எங்களுக்கும் சொல்லத் தோன்றவில்லை.

இரண்டாவதாகப் பார்த்த டாக்டர் தழும்பைப் பார்த்ததுமே, "இது எப்போ நடந்தது?" என்று கேட்டார். மண்ணீரல் கிழியும்போது அதன் துணுக்குகள் வயிற்றுக்குள் சிதறி, அங்கங்கே ஒட்டி, ரத்த ஓட்டம் பிடித்து வளர்ந்துவிடுமாம். ஸ்பிளெனோசிஸ் என்று பெயர். பெரும்பாலும் ஒன்றும் செய்யாது, ஆனால் சிடியில் கட்டி மாதிரியே தெரியும், ஊசி விட்டுச் சதை எடுத்தால் ரத்தக் கசிவு ஆகலாம். அதனால் முதலில் இந்த ஸ்கேன் என்றார்.

கையிலிருந்து ரத்தம் எடுத்து, சிவப்பணுக்களில் டெக்னீசியம்-99எம் என்ற கதிரியக்கப் பொருளை ஏற்றி, 49.5 டிகிரி சூட்டில் கால் மணி நேரம் போல வைக்கிறார்கள். சூட்டில் கெட்டுப்போன சிவப்பணுக்களைப் பிடித்து வைப்பது மண்ணீரலின் வேலை, அதனால் உடம்புக்குள் திரும்ப ஏற்றியதும் மண்ணீரல் திசு எங்கே இருக்கிறதோ அங்கே அவை போய்ச் சேர்ந்துவிடும். சல்பர் கொலாய்டு என்ற வேறு மருந்தை ஏற்றி எடுக்கும் ஸ்கேனும் உண்டு, ஆனால் அதைக் கல்லீரலும் நிறைய இழுத்துக்கொள்வதால் பக்கத்தில் இருக்கும் துணுக்கு மறைந்துபோகலாம். திரும்ப ஏற்றும் முன் டெக்னீஷியன் தங்கச்சி சிரிஞ்சில் ஒட்டியிருந்த சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, அண்ணன் வாயாலேயே பெயரையும் வயதையும் இரண்டு தடவை சொல்ல வைத்தாள். அந்தக் கவனம் எனக்கு ரொம்பப் பிடித்தது.

அப்புறம் அந்தக் கதிர்வீச்சைப் படம் பிடிக்கும் காமா கேமராவுக்குக் கீழே ஆடாமல் படுத்திருக்க வேண்டும், கூடவே அந்தப் படத்தையும் சிடியையும் சேர்த்து முப்பரிமாணத்தில் காட்டும் ஸ்பெக்ட் சிடி. வலி எதுவும் இல்லை. டாக்டர் என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். மண்ணீரல் இருந்த இடம் காலியாகக் கிடக்க, மை தொட்டு வைத்தது போல ஆறு கறுப்புப் பொட்டுகள். ஐந்து, சிடியில் பார்த்த அதே இடங்கள். ஆறாவது உதரவிதானத்துக்குக் கீழே இருந்தது, சிடி ரிப்போர்ட்டில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. பயாப்ஸி வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டார். அண்ணிக்குப் போன் போட்டேன், பேச வரவில்லை.

குறையும் உண்டு. இந்த ஸ்கேனைத் தினமும் எடுப்பதில்லை, எட்டு நாள் காத்திருந்தோம், அந்த எட்டு நாளும் நரகம். அன்றைக்குக் கர்ப்பிணிகள் பக்கம் போகக் கூடாது என்பதை ஊசி போட்ட பிறகுதான் சொன்னார்கள். அண்ணன் மகள் ஏழு மாதக் கர்ப்பிணி, அதனால் ராத்திரி அண்ணனை என் வீட்டில் படுக்க வைத்தேன். டெக்னீசியத்தின் வீரியம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகிவிடும், பயமில்லை. ஆனாலும் அப்பாயிண்ட்மெண்ட் கொடுக்கும்போதே சொல்லியிருக்கலாம்.

உங்கள் வீட்டில் யாருக்காவது மண்ணீரல் எடுத்திருந்தால் அந்தப் பழைய டிஸ்சார்ஜ் சம்மரியை ஒவ்வொரு ஸ்கேனுக்கும் கையோடு கொண்டுபோங்கள். துணுக்குகள் இருக்கிறதே என்று தடுப்பூசியையும் விட்டுவிடக் கூடாதாம், கிருமிகளுக்கு எதிராக முழு மண்ணீரல் தரும் பாதுகாப்பை அவற்றை நம்பி எதிர்பார்க்க முடியாது என்றார் டாக்டர். அண்ணன் இத்தனை வருடத்தில் ஒன்றுகூடப் போட்டதில்லை. நிமோனியா போன்றவற்றைத் தடுக்கும் நிமோகாக்கல் ஊசியை அந்த வாரமே போட்டாயிற்று. வயிற்று வலிக்குக் காரணம் பித்தப்பைக் கல், அதற்குத் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.