பிரேக் அப்கிரேடுக்கு 68,500 ரூபாய் கொடுத்தேன், இருந்த ஏபிஎஸ்ஸும் போனது. தயவுசெய்து படியுங்கள்

நேற்று மாலைதான் முழு விவரமும் தெரிந்தது. இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை, அதனால் கோர்வையாக எழுத வராது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

68,500 ரூபாய். காரின் முன் பிரேக்கைப் பெரிதாக்கி, ஏபிஎஸ்ஸையும் (ஓங்கி மிதித்தாலும் சக்கரம் இறுகி வழுக்காமல் காக்கிற அமைப்பு) அதற்கேற்றபடி கோடிங் செய்து, அதாவது அதன் கம்ப்யூட்டரில் செட்டிங்கை மாற்றித் தருகிறோம் என்று வாங்கிய தொகை. பணம் போனது ஒரு பக்கம் இருக்கட்டும். மூன்று வாரமாக ஏபிஎஸ் இல்லாத வண்டியில் என் பிள்ளையைப் பின் சீட்டில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டிருக்கிறேன். அதை நினைத்தால்தான் வயிறு எரிகிறது.

என்னுடையது ஸ்கோடா லாரா, செகண்ட் ஹேண்டில் வாங்கியது. மே மாதம் வால்பாறை போய்விட்டு ஆழியாறு பக்கம் இறங்கிக்கொண்டிருந்தோம். 40 கொண்டை ஊசி வளைவு. பாதிக்கு மேல் இறங்கியதும் பிரேக் பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போக ஆரம்பித்தது. கருகல் வாடை. லோம்ஸ் வியூ பாயிண்டில் எப்படியோ ஓரம் கட்டி, சக்கரம் ஆறும்வரை அரை மணி நேரம் நின்றோம். அம்மா வண்டியை விட்டு இறங்கியவர் திரும்ப ஏற மாட்டேன் என்றார். அன்று ராத்திரியே முடிவு செய்துவிட்டேன், முன் பிரேக்கை மாற்றியே ஆகவேண்டும் என்று.

தேடியபோது தெரிந்தது, என் வண்டியில் இருப்பது 288 மில்லிமீட்டர் டிஸ்க், அதே வண்டியின் ஆர்எஸ் மாடலில் 312. அதைக் கொண்டுவந்து போடுவது இந்த வண்டிக்காரர்கள் நிறைய பேர் செய்கிற வேலைதான். எல்லோர் போனிலும் இருக்கிற ஒரு வாங்கல் விற்றல் செயலியில் விளம்பரம் பார்த்தேன். டிஸ்க், அதை இறுக்கிப் பிடிக்கும் காலிப்பர், பிராக்கெட், பேட் எல்லாம் சேர்ந்த முழு செட், 'ஒரிஜினல், 3,000 கிலோமீட்டர் மட்டுமே ஓடியது'. போட்டிருந்தது கோயம்புத்தூரில் இருக்கிற ஒரு பெர்ஃபார்மன்ஸ் கடை.

கடையைப் பார்த்ததும் நம்பிக்கை வந்ததற்குக் காரணம் இருக்கிறது. தரையில் ஒரு சொட்டு ஆயில் இல்லை. சுவரில் டூல்ஸ் வரிசையாக மாட்டியிருந்தது. கடைக்காரர் டீ வாங்கிக் கொடுத்து, லேப்டாப்பை பானட் மேல் வைத்துப் பொறுமையாக விளக்கினார். டிஸ்க் பெரிதானால், அதே அழுத்தத்துக்கு முன் சக்கரத்தில் பிடிப்பு 8 சதவீதத்துக்கு மேல் கூடும். ஏபிஎஸ்ஸும், வண்டி சறுக்காமல் நிலைப்படுத்துகிற ஈஎஸ்பியும் பழைய டிஸ்க்கை மனதில் வைத்துத்தான் அழுத்தத்தைக் கூட்டும், குறைக்கும். அதனால் சில மாட்யூல்களில் (அவற்றை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டிகளில்) பிரேக் அளவையும் சேர்த்துக் கோடிங் செய்ய வேண்டியிருக்கும். டிஸ்க்கை மட்டும் மாற்றிவிட்டு அனுப்புகிறவன் உங்களை ஏமாற்றுகிறான் என்று அர்த்தம், என்றார்.

இதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. நான் விழுந்ததே அதனால்தான். பொய் சொல்லியிருந்தால் கொஞ்சமாவது சந்தேகம் வந்திருக்கும். இவ்வளவு தெரிந்த ஆள், இவ்வளவு அக்கறையாகப் பேசுகிற ஆள் என்று தோன்றிவிட்டது. கடைசியில் பின் சீட்டில் இருந்த குழந்தை சீட்டைப் பார்த்துவிட்டு, "குழந்தை உட்கார்ற வண்டிங்க, நான் கை வச்சா தப்பு வருமாங்க?" என்றார். அங்கேயே நின்றபடி போனில் பணம் அனுப்பினேன். செட்டுக்கு 41,000, மாட்டும் கூலி 6,000, ஏபிஎஸ் கோடிங்குக்கு 12,000. பில் கேட்டேன். "பில் போட்டா ஜிஎஸ்டி சேருங்க, எதுக்கு வீண் செலவு" என்றார். சரி என்றேன். கையால் எழுதிய ஒரு ஜாப் கார்டு மட்டும் கொடுத்தார். தேதி, வண்டி ஓடிய கிலோமீட்டர், வேலை விவரம், அவ்வளவுதான். அந்தத் துண்டுச் சீட்டுதான் இன்று என்னிடம் இருக்கிற பெரிய ஆதாரம்.

மறுநாள் மாலை வண்டி தயார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது, காலிப்பருக்குச் சிவப்புப் பெயிண்ட் வேறு அடித்திருந்தார்கள். வண்டியைக் கடைப் பையனே வீட்டில் கொண்டுவந்து விட்டான். காலையில் சாவியைத் திருப்பினால் ஏபிஎஸ் விளக்கும் ஈஎஸ்பி விளக்கும் மஞ்சளாக எரிகின்றன, அணையவே இல்லை. உடனே போன் செய்தேன்.

"புது பேட் ப்ரோ, செட் ஆகணும். ஒரு 500 கிலோமீட்டர் ஓட்டுங்க, தானா போயிடும்."

புது பேட் டிஸ்க்கோடு படிந்து வரக் கொஞ்ச தூரம் ஓடவேண்டும் என்பது உண்மை. அதற்கும் அந்த விளக்குக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. அது அப்போது எனக்குத் தெரியாது. 500 ஓட்டினேன். அடுத்த பதில், "பேட்டரி வீக்கா இருக்கும், செக் பண்ணுங்க." பேட்டரி கடையில் போய்ப் பார்த்தேன், ஒரு குறையும் இல்லை. அப்புறம், "மாட்யூலைக் கழட்டி டெஸ்ட் பண்ணணும், வண்டியை விட்டுட்டுப் போங்க." மூன்று நாள் வைத்திருந்து 9,500 வாங்கினார்கள். திருப்பிக் கொடுக்கும்போதும் விளக்கு எரிந்தபடிதான் இருந்தது. "மாட்யூலே போயிடுச்சு ப்ரோ. நாங்க கை வைக்கிறதுக்கு முன்னாடியே கம்ப்ளைன்ட் இருந்திருக்கு. புதுசு 45,000 ஆகும், நல்ல வேளை நம்மகிட்ட வந்தீங்க." முதலில் கொடுத்த 59,000, அதன் மேல் 9,500. ஆக 68,500. அதற்குப் பிறகும் 45,000 கேட்கிறார்கள். கழற்றிய பழைய காலிப்பரும் டிஸ்க்கும் எங்கே என்று கேட்டேன். ஸ்கிராப்பில் போட்டாச்சாம்.

அதன் பிறகு போனை எடுப்பது நின்றுபோனது. எடுத்தாலும் ஒரு பையன்தான், "அண்ணன் வெளியூர் போயிருக்காருங்க." நான்கு முறை இதே பதில். ஐந்தாவது முறை நேரில் போனேன். வெளியூர் போன அண்ணன் உள்ளே வேறொருவரின் காருக்குப் பக்கத்தில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும், "சாதா பிரேக் வேலை செய்யுதுல்ல? அப்புறம் என்ன ப்ரோ பயம்?" என்றார்.

என்ன பயமா? போன வெள்ளிக்கிழமை மழையில் சுந்தராபுரம் பக்கம் வந்துகொண்டிருந்தேன். முன்னால் போன பால் வண்டி சட்டென்று நின்றது. ஓங்கி மிதித்தேன். ஏபிஎஸ் வேலை செய்தால் பெடல் காலுக்கடியில் தடதடவென்று அதிரும். ஓர் அதிர்வும் இல்லை. முன் சக்கரம் இரண்டும் அப்படியே இறுகி, ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் வண்டி நேராக வழுக்கிக்கொண்டு போனது. பால் வண்டிக்கும் என் பம்பருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. பின்னால் பிள்ளை தூங்கிக்கொண்டிருந்தான்.

ஒரு நண்பர் சொல்லி, போத்தனூர் பக்கம் தனியாக ஷெட் வைத்திருக்கிற ஒரு வயதான மெக்கானிக்கிடம் நேற்று போனேன். பழைய லேப்டாப், அதைவிடப் பழைய ஸ்டூல். ஏபிஎஸ் மாட்யூலை ஸ்கேன் செய்தார். 01042 என்ற பிழை எண் வந்தது. 'கன்ட்ரோல் மாட்யூல் நாட் கோடட்'. மாட்யூல் சாகவில்லை. கோடிங்தான் சரியாக இல்லை.

"தம்பி, அந்தச் சீட்டை எடுங்க" என்றார். ஜாப் கார்டைக் கொடுத்தேன். திரையில் அந்தப் பிழை முதன்முதலில் பதிவானபோது வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருந்தது என்று காட்டியது: 1,18,642. ஜாப் கார்டில் அவர்களே எழுதியிருந்ததும் 1,18,642. முன்னாடியே கம்ப்ளைன்ட் இருந்ததாம்! அவர்கள் லேப்டாப்பைச் சொருகிய அன்று, அவர்கள் கடைக்குள் வைத்தே வந்த பிழை அது.

வண்டி வாங்கியபோது எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட் டேஷ்போர்டு டப்பாவில் இருந்தது, சாமி புண்ணியத்தில் தூக்கிப் போடாமல் வைத்திருந்தேன். அதில் ஏபிஎஸ் மாட்யூலின் கோடிங் வரிசை முழுதாக அச்சாகியிருந்தது. இப்போது உள்ளே இருந்த வரிசைக்கும் அதற்கும் பொருத்தமே இல்லை. வேறு ஏதோ வண்டியின் கோடிங் வரிசையை அப்படியே கொண்டுவந்து அடித்திருக்கிறார்கள் என்பது மெக்கானிக் அண்ணனின் கணிப்பு. பழைய வரிசையை ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து அடித்தார். சாவியை அணைத்துப் போட்டார். இரண்டு விளக்கும் ஒளிர்ந்தன, சில நொடியில் அணைந்தன. ஐந்து நிமிட வேலை. 800 ரூபாய் வாங்கினார். நான் கொடுத்த 68,500-ல் கோடிங்குக்கு மட்டும் 12,000, மாட்யூல் டெஸ்ட்டுக்கு 9,500.

அதோடு முடியவில்லை. முன் சக்கரத்தைக் கழற்றச் சொன்னேன். டிஸ்க்கின் நடுப்பகுதியில் குறைந்தபட்ச தடிமன் 22 மில்லிமீட்டர் என்று பொறித்திருக்கிறது. புதிதாக இருக்கும்போது இது 25. மெக்கானிக் அண்ணன் தடிமன் அளக்கும் வெர்னியரை வைத்தார், துடைத்துவிட்டு இன்னொரு இடத்தில் வைத்தார், பிறகு என்னையே படிக்கச் சொன்னார். 22.4. 3,000 கிலோமீட்டர் ஓடிய டிஸ்க்காம். தேய்ந்துபோனதை லேத்தில் சீவி, பளபளப்பாக்கிப் பெயிண்ட் அடித்து 41,000-க்கு என் தலையில் கட்டியிருக்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. பிரேக் ஆயில் டப்பாவைத் திறந்து டார்ச் அடித்தார், கறுப்பாக இருந்தது. காலிப்பரையே மாற்றியவர்கள் ஆயிலை மாற்றவில்லை, மேலாக ஊற்றி விட்டிருக்கிறார்கள். டாட் 4 ரகப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் தாங்கும். காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொண்டே இருப்பதால் அந்தத் தாங்கும் அளவு நாளாக நாளாக 155 டிகிரிவரைகூட இறங்கிவிடும். மலை இறக்கத்தில் அது கொதித்து உள்ளே ஆவி உண்டானால் பெடல் பஞ்சாகிவிடும். வால்பாறையில் எனக்கு நடந்தது இதுதான் என்றார். இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை ஆயில் மாற்றி, நல்ல பேட் போட்டு, இரண்டாவது கியரில் இறங்கியிருந்தால் பழைய 288 டிஸ்க்கே போதுமாம். பெரிய டிஸ்க் சூட்டைத் தாங்கும், உண்மைதான். ஆனால் ஈர ரோட்டில் வண்டி எவ்வளவு தூரத்தில் நிற்கும் என்பதை முடிவு செய்வது டயர் பிடிப்பு. இதைக் கடையில் ஒருவரும் எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

செயலியில் புகார் கொடுத்தேன். விற்பவரும் வாங்குபவரும் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டுமாம். அரை மணி நேரத்தில் அந்த விளம்பரமும் காணாமல் போனது. நல்ல வேளை, படம் எடுத்து வைத்திருந்தேன்.

என்னென்ன பார்க்கவேண்டும் என்று விரிவாக எழுத நினைத்துத்தான் உட்கார்ந்தேன், இப்போது அதற்கு மனசு இல்லை. இதை மட்டும் செய்யுங்கள். உங்கள் வண்டியில் யாராவது லேப்டாப்பைச் சொருகும் முன்னால், இப்போதுள்ள கோடிங்கைப் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வேலைக்கு முன் ஒரு ஸ்கேன் ரிப்போர்ட், முடிந்த பின் ஒன்று, இரண்டையும் கையில் வாங்காமல் பணம் கொடுக்காதீர்கள். டிஸ்க்கை வெர்னியரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். கழற்றிய பாகங்களை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள். ஏபிஎஸ் விளக்கு எரிந்தால், 'ஓட ஓடச் சரியாகும்' என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். அதோடு சிவப்பு பிரேக் விளக்கும் சேர்ந்து எரிந்தால் வண்டியை எடுக்கவே எடுக்காதீர்கள், பின் சக்கரம் இறுகி வண்டி சுழன்றுவிடக்கூடும். பில் வாங்குங்கள், ஜிஎஸ்டி போனால் போகட்டும்.

இன்று காலை 1915-க்குப் போன் செய்து நுகர்வோர் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப் போகிறேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது. பணம் அனுப்பிய விவரம், ஜாப் கார்டு, ஸ்கேன் ரிப்போர்ட், வெர்னியர் படம் நான்கையும் நேற்று ராத்திரியே பிரிண்ட் எடுத்துவிட்டேன். அவற்றைக் கடைக்காரருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பி, 68,500-ஐத் திருப்பிக் கொடுங்கள் என்று கேட்டேன். இரண்டு நீல டிக் வந்தது. பதில் இல்லை.

வண்டி மெக்கானிக் அண்ணனின் ஷெட்டில் முன் சக்கரம் இல்லாமல் ஸ்டாண்டில் நிற்கிறது. புது டிஸ்க்குக்குச் சொல்லியிருக்கிறார், வந்ததும் அந்த அளவுக்கு எந்தக் கோடிங் சரி என்று பார்த்துவிட்டுத்தான் சாவி கொடுப்பாராம். அதுவரை பிள்ளையை ஆட்டோவில்தான் அனுப்புகிறேன்.