டிஸ்சார்ஜ் புத்தகத்தை ஏஜென்டிடம் கொடுத்துவிடாதீர்கள்

என் அப்பா பீரங்கிப் படையில் 24 ஆண்டுகள் இருந்தவர். 1999 கார்கில் போரின்போது அவருடைய பேட்டரி (பீரங்கிப் பிரிவு) திராஸ் பகுதியில் இருந்தது. 2012இல் ஹவில்தாராக ஓய்வுபெற்று, வேலூர் மாவட்டத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கு வந்து சேர்ந்தார். வரும்போதே காது மந்தம். வருடம் போகப்போக இன்னும் குறைந்துவிட்டது. எதிரே இருப்பவர் சற்றுத் தாழ்ந்த குரலில் பேசினால், கேட்டதுபோலத் தலையை ஆட்டிவிடுவார். மறுபடி கேட்பதற்கு அவருக்குக் கூச்சம். அந்தத் தலையாட்டலை ஒரு பென்ஷன் ஏஜென்ட் காசாக்கிக்கொண்டார். இதே ஆள் பக்கத்து ஊர்களிலும் வீடு வீடாகப் போய்க்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

ஓய்வுபெறும்போது அப்பாவைப் பரிசோதித்த மருத்துவ வாரியம் கேட்புக் குறைபாடு 20 சதவீதம் என்று எழுதியது. கூடவே, இது ராணுவப் பணியால் வந்ததும் அல்ல, பணியால் அதிகமானதும் அல்ல என்று ஒரு வரியையும் சேர்த்தது. டிஸெபிலிட்டி பென்ஷன், அதாவது உடல் குறைபாட்டுக்கான ஓய்வூதியம், கிடைக்க வேண்டுமென்றால் குறைபாடு 20 சதவீதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும். அது பணியால் ஏற்பட்டதாகவோ பணியால் மோசமானதாகவோ இருக்க வேண்டும். முதலாவது அப்பாவிடம் இருந்தது. இரண்டாவதை அந்த ஒரு வரி அடித்துவிட்டது. ஆறு மாதத்துக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று ஆங்கிலத்தில் வந்த கடிதத்தை அப்பா மடித்து டிரங்குப் பெட்டியில் வைத்தார். அதோடு அது மறந்தே போனது.

2021இல் அந்த ஏஜென்ட் வீட்டுக்கு வந்தார். “அண்ணே, நானும் பட்டாளத்தில் இருந்தவன்தான். நம் ஆளுக்கு நாம் செய்யாமல் வேறு யார் செய்வார்கள்?” என்றாராம். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் பட்டாளத்துக்குப் போன ஊர்கள் இருக்கின்றன. பட்டாளத்துக்காரர் என்று சொல்லிக்கொண்டு வருபவரை யாரும் வாசலோடு அனுப்ப மாட்டார்கள். அம்மா காபி போட்டுக் கொடுத்திருக்கிறார். நான் அப்போது ஓசூரில் வேலையில் இருந்தேன்.

டிஸெபிலிட்டி பென்ஷன் வாங்கித் தருவதற்கு முன்பணம் 15,000 ரூபாய். நிலுவைத் தொகை வந்ததும் அதில் 30 சதவீதம் அவருக்கு என்று முத்திரைத்தாளில் ஓர் ஒப்பந்தம். தொகை எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்ட இரண்டு காசோலைகள். டிஸ்சார்ஜ் புத்தகம் (ராணுவத்திலிருந்து விடுவித்ததற்கான ஆவணம்), மருத்துவ வாரிய அறிக்கை, மறுப்புக் கடிதம், எல்லாம் அசல். நகல் எடுத்துவிட்டுத் திருப்பித் தருவதாகச் சொன்னார். பிற்பாடு, பென்ஷன் ஸ்பர்ஷ் என்ற ராணுவ ஓய்வூதிய இணையதளத்துக்கு மாறியபோது அதையும் தானே செய்து தருவதாகச் சொல்லி அப்பாவின் கைப்பேசியை வாங்கி, கடவுச்சொல்லையும் அவரே வைத்துக்கொண்டார்.

அதன்பிறகு இரண்டரை வருடம், கேட்கும்போதெல்லாம் ஒரே பதில். “சென்னை ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தில் கேஸ் போட்டாயிற்று, அடுத்த மாதம் விசாரணை.” ஒருமுறை வழக்கு எண்ணைக் கூட ஒரு துண்டுத்தாளில் எழுதிக் கொடுத்தார். அப்பா அதைச் சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருந்தார்.

விஷயம் வெளிப்பட்டது வழக்கால் அல்ல, ஆயுள் சான்றிதழால். அப்பாவின் பென்ஷன் திடீரென நின்றது. ஆயுள் சான்றிதழ் கொடுக்கவில்லை என்றார்கள். நினைவூட்டல் எதுவும் வரவில்லையே என்று பார்த்தால், ஸ்பர்ஷில் பதிவாகியிருந்தது அப்பாவின் கைப்பேசி எண்ணே இல்லை. அது அந்த ஏஜென்டின் எண். அப்பாவுக்கு வர வேண்டிய ஓடிபி எல்லாம் அவருக்குப் போய்க்கொண்டிருந்தது. எனக்குக் கை நடுங்கிவிட்டது. அன்று இரவே சாமி படத்துக்குப் பின்னால் இருந்த எண்ணை எடுத்து ஆயுதப்படைத் தீர்ப்பாயத்தின் இணையதளத்தில் தேடினேன். அது முன்பே முடிந்துபோன, வேறு யாரோ ஒருவருடைய வழக்கு. அப்பாவின் பெயரில் எந்த மனுவும் இல்லை.

பதினைந்தாயிரம் போனது பெரிதில்லை. போன காலம்தான் ஆறவில்லை. பென்ஷன் என்பது மாதாமாதம் தொடரும் உரிமை என்பதால் தாமதமாகப் போனாலும் தீர்ப்பாயம் கதவை அடைப்பதில்லை. ஆனால் நிலுவைத் தொகை, மனு போட்ட நாளுக்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்குத்தான் பொதுவாகக் கிடைக்கும். 2008இல் தர்செம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. அதாவது அந்த ஆள் சும்மா உட்கார்ந்திருந்த ஒவ்வொரு மாதமும் அப்பாவின் ஒரு மாதத் தொகை ஒரேயடியாகப் போய்விட்டது. வட்டி போட்டு மீட்கக்கூடிய கடன் அல்ல அது.

பிறகு மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்கு அப்பாவை அழைத்துப் போனேன். அங்கிருந்த பெரியவர் அப்பாவின் இடது காதுப் பக்கமாக நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, மறுப்புக் கடிதத்தின் நகலை ஒவ்வொரு வரியாக உரக்கப் படித்துக் காட்டினார். பன்னிரண்டு வருடத்தில் அப்பாவுக்கு அந்தக் கடிதம் புரிந்தது அன்றுதான். ஒரு ரூபாய் வாங்கவில்லை. அந்த அலுவலகம் இருப்பதே இதற்காகத்தான்.

அங்கே தெரிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். ராணுவத்தில் சேரும்போது உடலில் அந்தக் குறை இருந்ததாகப் பதிவு இல்லையென்றால், அது பணியில் இருக்கும்போது வந்தது என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். அப்படி இல்லை என்று நிரூபிப்பது அரசின் பொறுப்பு, மருத்துவ வாரியம் காரணம் எழுத வேண்டும் என்று 2013 ஜூலையில் தரம்வீர் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அப்பாவின் அறிக்கையில் காரணம் என்று ஒரு சொல்கூட இல்லை. பீரங்கிக்குப் பக்கத்தில் நின்றவனுக்குக் காது போனால் அதற்கு வேறு என்ன காரணம் எழுதுவார்கள்? 50 சதவீதத்துக்குக் கீழே உள்ள குறைபாட்டை 50 என்று உயர்த்திக் கணக்கிடும் சலுகை, பணிக்காலம் முடிந்து ஓய்வுபெற்றவர்களுக்கும் உண்டு என்று 2014 டிசம்பரில் ராம் அவதார் வழக்கில் தீர்ப்பு வந்தது. நூறு சதவீதக் குறைபாட்டுக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு. 50 என்றால் 15 சதவீதம்.

ஏஜென்ட் எழுதி வாங்கிய 30 சதவீத ஒப்பந்தத்தைப் பார்த்துப் பயப்படவே தேவையில்லை. இனி வரவேண்டிய ஓய்வூதியத்தை வேறொருவருக்கு எழுதிக் கொடுக்கும் எந்த ஒப்பந்தமும் செல்லாது என்று 1871ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டத்தின் 12ஆம் பிரிவு சொல்கிறது. வக்கீலே ஆனாலும் ஜெயித்தால் இவ்வளவு பங்கு என்று பேசக் கூடாது. பார் கவுன்சில் விதி அது. வக்கீல் வைக்க வசதி இல்லாதவர்கள் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் இலவசமாகக் கேட்கலாம். பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அங்கே வருமான வரம்பு கிடையாது. படைவீரரின் மனைவிமார் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். மருத்துவ வாரிய அறிக்கை கையில் இல்லாதவர்கள் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டி நகல் கேட்கலாம். நாங்கள் அப்படித்தான் வாங்கினோம்.

ஸ்பர்ஷில் எண்ணை மாற்றி, ஆயுள் சான்றிதழ் கொடுத்து, நின்றுபோன பென்ஷனை மீட்டோம். வங்கியில் இரண்டு காசோலைகளையும் நிறுத்தச் சொன்னோம். காவல் நிலையத்தில் புகார் கொடுத்த பிறகுதான் டிஸ்சார்ஜ் புத்தகம் திரும்பி வந்தது. யாரோ ஒரு பையன் செய்தித்தாளில் சுற்றி வாசலில் வைத்துவிட்டுப் போனான். அட்டை நனைந்து உப்பியிருந்தது. மெடல்கள் எழுதியிருந்த பக்கத்தில் மை கலைந்திருந்தது. அப்பா அதை முற்றத்து வெயிலில் விரித்து வைத்து, காற்றுக்குப் பக்கம் புரளாமல் கையால் அழுத்திக்கொண்டு மதியம் வரை உட்கார்ந்திருந்தார்.

இப்போது உண்மையாகவே மனு போட்டிருக்கிறோம். வழக்கு எண் வந்திருக்கிறது. நானே இணையதளத்தில் சரிபார்த்தேன். உங்கள் வீட்டிலும் யாராவது இப்படி ஓர் எண்ணை எழுதிக் கொடுத்திருந்தால் இன்றைக்கே அதைத் தேடிப் பாருங்கள். ஸ்பர்ஷில் யாருடைய கைப்பேசி எண் பதிவாகியிருக்கிறது என்பதையும் பார்த்துவிடுங்கள்.