இரண்டு உதவித்தொகைகள்: எதற்கு மனுப் போடுவது?

கடலூர் மாவட்டத்து மாற்றுத்திறனாளிகள் பலரும் வருவாய்த் துறை வழங்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியத்தையும், மாற்றுத்திறனாளிகள் நலத்துறை வழங்கும் பராமரிப்பு உதவித்தொகையையும் ஒன்றென எண்ணிவிடுகிறார்கள். வருவாய்த் துறையின் ஓய்வூதியம் 2023 ஜனவரியில் மாதம் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதற்கான மனு, இ-சேவை மையம் வழியாக வட்டாட்சியர் அலுவலகத்துக்குச் செல்கிறது.

பராமரிப்பு உதவித்தொகையோ மாதம் 2,000 ரூபாய். கை கால் இயக்கம் 75 சதவீதம் அல்லது அதற்கு மேல் கடுமையாகப் பாதிக்கப்பட்டோரும், அறிவுசார் குறைபாடு, தசைச்சிதைவு, தொழுநோய் ஆகியவற்றால் 40 சதவீதம் அல்லது அதற்கு மேல் பாதிக்கப்பட்டோரும் இதனைக் கேட்கலாம். இதற்கு அணுக வேண்டியவர் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலர். பண்ணுருட்டிப் பக்கத்துத் தாய் ஒருவர், தசைச்சிதைவுள்ள மகனின் சான்றிதழை மழையில் நனையாதபடி பால் கவருக்குள் மடித்து வைத்துக்கொண்டு, மாதக்கணக்கில் தாலுகா அலுவலகத்துக்கே நடந்ததைப் பார்த்தபோது என் மனம் பதறியது. அவர் போயிருக்க வேண்டிய இடம் வேறு.

இரண்டையும் ஒருசேரப் பெற முடியாது என்பதால், தகுதியுள்ளவர்கள் பராமரிப்பு உதவித்தொகையையே முதலில் கேட்பது நல்லது என்பது என் கருத்து. சிகிச்சை புதுச்சேரி ஜிப்மரில் நடந்தாலும், கடலூரில் குடியிருப்பவர் தமிழ்நாட்டில்தான் மனுச் செய்ய வேண்டும். புதுச்சேரி அரசின் திட்டங்கள் அங்கு வசிப்போருக்கு உரியவை.